தண்ணீர்ப் பூட்டு

இந்த வாரம் நான் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் இன்னதென்று தெரிந்ததும் சில நேயர்கள் மூக்கைப் பிடித்துக் கொள்வார்கள். பிடித்துக் கொள்ளட்டும். வீட்டில் ஒருவரும் மூக்கைப் பிடிக்க வேண்டியிராமல் இருப்பதற்கு வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சமையலறையைப் பற்றி எழுதினால் சகோதரிகள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக் கொள்கிறார்கள். பூஜை அறையைப் பற்றி எழுதினால் கடிதம் போடுகிறார்கள். ஆனால் அந்த இன்னோர் அறை இருக்கிறதே, அதற்கு நம் வீடுகளில் நேரான பெயர் ஒன்றுகூடக் கிடையாது. 'கொல்லைக்குப் போகிறேன்' என்போம், கொல்லையே இருக்காது. 'வெளியே போய் வருகிறேன்' என்போம், போவதென்னவோ வீட்டுக்குள்ளேதான். 'கக்கூஸ்' என்ற சொல்லோ டச்சுக்காரர்களுடையது. அவர்கள் கப்பலேறிப் போய் இருநூறு வருஷமாகிறது. கோட்டையை விட்டுப் போனார்கள், கொத்தளத்தை விட்டுப் போனார்கள்; கூடவே இந்த ஒரு வார்த்தையையும் விட்டுப் போனார்கள். நம் சொந்த பாஷையில் அதைச் சொல்ல நமக்கு அவ்வளவு கூச்சம்!

இந்தக் கூச்சத்தினால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விபரீதம் நடக்க இருந்தது.

என் மாமியாருக்கு வயது 74. திண்டுக்கல் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். அப்படிப்பட்ட சித்திரை மாதத்தில் அத்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொண்டே வந்தார். காலையில் ஒரு காப்பி, மத்தியானம் ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். கேட்டால், "தாகமே எடுக்கலைம்மா" என்பார். நானும் காரியாலயம் போகிற அவசரத்தில், வயதானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டு விட்டேன்.

ஒருநாள் இரவு குளிர் காய்ச்சல் வந்து தூக்கிப் போட்டது. டாக்டரம்மாள் பரிசோதனை செய்து பார்த்து, சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"பாட்டி, வீட்டிலே கக்கூஸ் எப்படி? உட்கார்ந்து எழுந்திருக்க முடியுதா?"

அத்தை தலையைக் குனிந்து கொண்டார். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "முடியலை தாயி. முழங்கால் மடங்க மாட்டேங்குது. மடங்கினா எந்திரிக்க முடியலை. அடிக்கடி போக வேணாமேன்னுதான் தண்ணியைக் குறைச்சுட்டேன்."

ஆறு மாதமாக இப்படி நடந்திருக்கிறது! மகனிடம் சொல்லக் கூச்சம். மருமகளிடம் சொன்னால், 'கிழவி செலவு வைக்கிறாள்' என்று நினைத்து விடுவாளோ என்று பயம். எழுந்திருப்பதற்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கொள்வாராம். அந்தக் குழாய் மாதம் தவறாமல் ஒழுகுகிறதே என்று நான் பிளம்பரைக் கோபித்துக் கொண்டிருந்தேன். ஒழுகியதன் ரகசியம் அன்றைக்குத்தான் தெரிந்தது. என்றாவது ஒருநாள் குழாய் கையோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. தரையோடு பதித்த இந்தியன் கோப்பை. அதைப் பெயர்த்துவிட்டு, நாற்காலிபோல் உட்காரும் வெஸ்டர்ன் கோப்பை வைத்து விடுவதென்று அன்றே தீர்மானம் செய்தோம். அத்தைக்குச் சம்மதமில்லை. "ஒருத்தர் உட்கார்ந்த இடத்திலே இன்னொருத்தர் உட்காருறதா? நல்லா இருக்கே!" என்றார். அந்த அருவருப்பில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரும் வளையத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து விடலாம். உடைந்த இடுப்பெலும்பைத் துடைத்துச் சரியாக்க முடியாதே!

வேலை தொடங்கும் வரையில், மருந்துக் கடையில் விற்கிறார்களே, நடுவில் துவாரமுள்ள இரும்பு நாற்காலி, அதை வாங்கிப் பழைய கோப்பையின் மேலேயே போட்டுக் கொடுத்தோம். இப்போதைக்குப் பெரிய செலவு செய்ய வசதியில்லாதவர்களுக்கு இது நல்ல உபாயம். ஆனால் கால்களில் ரப்பர்க் குல்லா தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். ஈரத்தரையில் நாற்காலி நழுவினால், நோயைவிட மருந்து பொல்லாததாகி விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் கடைக்குப் போனோம். வெள்ளைவெளேரென்று கோப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முட்டை வடிவம், சதுர வடிவம், மூடி தானாக மெதுவாய்ச் சாத்திக் கொள்கிற வகை, இன்னும் என்னென்னவோ. நகைக்கடையில் நிற்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கொண்டு வந்தேன். ஒன்றைக் காட்டி, "இது எடுப்பாக இருக்கிறது" என்றேன்.

கடைக்காரர் புன்னகை செய்தார். "எடுப்பு இருக்கட்டும்மா. உங்க வீட்டிலே கழிவு தரைக்குள்ளே இறங்குதா, சுவருக்குள்ளே போகுதா? தரைக்குள்ளேன்னா, சுவரிலேருந்து துவாரத்தோட மையம் எத்தனை அங்குலம்?"

நான் அவரைப் பார்த்தேன்; அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பட்டதாரிகள். கல்லூரியில் எத்தனையோ படித்தோம். சொந்த வீட்டுக் கழிப்பறையின் அங்குலக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அளந்துக்கிட்டு வாங்க" என்று கடைக்காரர் மரியாதையாகவே அனுப்பி வைத்தார்.

சகோதரிகளே, இதைக் குறித்துக் கொள்ளுங்கள். கழிவு தரைக்குள் இறங்குகிற கோப்பைக்கு 'எஸ் டிராப்' என்று பெயர். சுவர் வழியாகப் போகிறதற்குப் 'பி டிராப்'. எஸ் டிராப்பில் சுவருக்கும் துவாரத்தின் மையத்துக்கும் இடைவெளி பெரும்பாலும் 9 அங்குலம் அல்லது 12 அங்குலம். இரண்டில் எது என்று தெரியாமல் கோப்பை வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமானம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் உற்சாகமாக அளக்கத் தொடங்கினார். தரையை உடைத்துப் புதுக் குழாய் போடப் போவதால், 9 அங்குலத்தில் துவாரம் வரும்படி சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அப்போது எதிர்வீட்டுத் தாத்தா வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்.

அவர் நாற்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்ப் பூட்டைப் பற்றி வெளியூர் நேயர்களுக்கும் தெரிந்திருக்கும். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எத்தனையோ தினுசு. எல்லாம் கையால் செய்தவை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததே தவிர, அலிகாரிலிருந்து மலிவுப் பூட்டு வந்து குவிந்த பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடிக் கொண்டு வருகின்றன. தாத்தாவுக்கும் இப்போது வேலையில்லை. கண் மட்டும் கூர்மை மங்கவில்லை.

"தம்பி, சுவரிலே ஓடு பதிக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமாம் தாத்தா. வெள்ளை டைல்ஸ்."

"சிமெண்டும் ஓடுமாச் சேர்ந்து சுவர் ஒரு அங்குலம், ஒண்ணேகால் அங்குலம் முன்னாலே வந்துடுமே! பிறகு 9 அங்குலம் எங்கே இருக்கும்? ஏழேமுக்கால்தான் இருக்கும். உங்க கோப்பை சுவரை முட்டிக்கிட்டு நிக்கும்."

என் கணவர் பென்சில் கோட்டைச் சத்தமில்லாமல் அழித்தார். அளவு எடுக்க வேண்டியது செங்கல் சுவரிலிருந்து அல்ல. ஓடு பதித்து முடிந்த சுவரிலிருந்து. ஒரு அங்குலத்தில் தப்பினோம்.

மறுநாள் பிளம்பர் வந்தார். தரையை உடைத்ததும், பழைய கோப்பைக்கு அடியில் கழுத்தை வளைத்த வாத்துப் போல ஒரு பீங்கான் குழாய் தென்பட்டது. "இது நல்லாத்தான்க்கா இருக்கு. இதை இப்படியே விட்டுட்டு, மேலே புதுக் கோப்பையை உட்கார வச்சுடலாம். அரை நாள் வேலை மிச்சம்" என்றார் பிளம்பர்.

அரை நாள் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நான் தலையை ஆட்டப் போனேன். தாத்தா குறுக்கிட்டார். "ஏம்ப்பா, அந்த வளைவு எதுக்கு இருக்கு?"

"தண்ணி நிக்கறதுக்கு."

"புதுக் கோப்பைக்குள்ளேயும் அதே மாதிரி வளைவு இருக்குல்ல? ஒரு கதவுக்கு எதுக்குப்பா ரெண்டு பூட்டு?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கோப்பைக்கு அடியில் உள்ள வளைவில் சுமார் 2 அங்குல ஆழத்துக்கு எப்பொழுதும் தண்ணீர் நின்று கொண்டிருக்கும். கீழே தொட்டியில் உண்டாகும் விஷக்காற்றும் நாற்றமும் பூச்சி புழுக்களும் அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வர முடியாது. அதாவது, அது ஒரு பூட்டு. சாவியில்லாத தண்ணீர்ப் பூட்டு! வாளித் தண்ணீரைக் கொட்டினால் திறந்து கழிவுக்கு வழி விடுகிறது. மிஞ்சிய தண்ணீராலேயே மறுபடி பூட்டிக் கொள்கிறது. வெஸ்டர்ன் கோப்பைக்குள்ளேயே இந்தப் பூட்டு இருப்பதால், தரைக்கடியில் இன்னொன்று இருந்தால் நடுவில் காற்று சிக்கிக் கொள்ளும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கழிவு சரியாகப் போகாது. பழைய வளைவை எடுத்து விட்டு 4 அங்குலக் குழாயை நல்ல சரிவாகப் போடச் சொன்னோம்.

பூட்டுக்காரருக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்றிரவு ஓர் ஆச்சரியம். புஸ்தகங்களைப் புரட்டினால் ஆச்சரியம் இரட்டிப்பாயிற்று. 1775-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் இந்த 'எஸ்' வளைவுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். மூன்று வருஷம் கழித்து, 1778-ல், அதே கோப்பையைச் சீர்திருத்தி உரிமை வாங்கினவர் ஜோசப் பிராமா. இந்தப் பிராமா யார் தெரியுமா? உலகப் பிரசித்தி பெற்ற பூட்டுக்காரர்! 1784-ல் அவர் உரிமை வாங்கிய பூட்டு வகையில் ஒன்றைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, 'சாவியில்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு' என்று பலகை வைத்தார்கள். 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, பதினாறு நாட்களில் 51 மணி நேரம் பாடுபட்டுத்தான் அதைத் திறந்தார். அந்தப் பூட்டையும் திறந்து விட்டார்கள். கோப்பைக்குள் இருக்கும் தண்ணீர்ப் பூட்டை மட்டும் நாற்றம் இன்று வரையில் திறக்கவில்லை.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். பல்லில்லாத வாயால் சிரித்தார். "நம்ம ஆளு ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கான்" என்றார்.

இந்தப் பூட்டின் அருமை நமக்குச் சாமானியத்தில் விளங்காது. இது இல்லாத காலத்தில் 'எடுப்புக் கக்கூஸ்' இருந்தது. பழைய தெருக்களில் வீட்டுக்குப் பின்னால் ஒற்றையடிச் சந்து ஒன்று போகுமே, அது எதற்காக என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நம் அழுக்கை இன்னொருவர் கையால் அள்ளித் தலையில் சுமந்து போவதற்காக. அப்படிப்பட்ட கக்கூஸைக் கட்டக்கூடாதென்று 1993-ல் சட்டம் வந்தது. சந்துகள் மூடப்பட்டன. ஆனால் அந்தச் சந்து நம் மனசிலிருந்து மூடப்பட்டு விட்டதா? அதற்கும் ஒரு பரீட்சை வந்தது.

புதுக் குழாயை இணைக்கும்போது, பின்கட்டில் உள்ள செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிற நிலையில் இருப்பது தெரிந்தது. அதைச் சுத்தம் செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. செப்டிக் டேங்க் என்றால் பாதாளத்துக்குப் போகிற வழி என்று பல பேர் எண்ணம். அப்படியல்ல. கனமானது அடியில் படியும். லேசானது ஆடைபோல் மேலே மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும்தான் வெளியேறும். அடியில் படிந்த சகதியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும்.

"லாரிக்கு எதுக்குக்கா அலைஞ்சுக்கிட்டு? ராத்திரி ரெண்டு ஆளைக் கூட்டியாறேன். உள்ளே இறங்கி விடியறதுக்குள்ளே முடிச்சுடுவாங்க" என்றார் பிளம்பர். குறைந்த தொகைதான் சொன்னார். வேலை நின்று போயிருந்தது. கையில் பணம் இறுகிக் கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நாங்கள் பேசாமல் இருந்தோம். அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூடிய தொட்டிக்குள் அழுகின முட்டை நாற்றம் உள்ள ஒரு வாயு தங்கியிருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் மூக்கு எச்சரிக்கும். அதிகமாகி விட்டாலோ, முகர்ந்து பார்க்கும் சக்தியையே முதலில் மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று எண்ணி இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சாய்ந்து விடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் சாய்வார். பத்திரிகைக் காரியாலயத்தில் இருக்கிற நான் இந்தச் செய்தியை எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்!

2013-ல் வந்த சட்டப்படி, பாதுகாப்பு எதுவுமின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறைவாசம், அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாக்கடைச் சுத்தத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல, வேறொன்றை நினைத்துத்தான் நான் வேண்டாம் என்றேன். அத்தை வழுக்கி விழக்கூடாதென்றுதானே இவ்வளவும் செய்கிறோம்? நம் வீட்டுத் தாய் ஒருத்தி பத்திரமாக இருப்பதற்கு இன்னொரு தாய் தன் பிள்ளையைக் குழியில் இறக்குவதா?

14420 என்ற எண்ணைக் கூப்பிட்டால் செப்டிக் டேங்க் லாரிக்கு வழி சொல்கிறார்கள். மறுநாள் லாரி வந்தது. நீளக் குழாயை விட்டு, யந்திரத்தாலேயே உறிஞ்சி எடுத்துக் கொண்டு போயிற்று. ஒரு மனிதரும் உள்ளே இறங்கவில்லை. எங்களுக்கு ஆனது ஒரு நாள் தாமதமும் கொஞ்சம் கூடுதல் ரூபாயும்.

வேலை நடந்த நாட்களில் அத்தையை வத்தலகுண்டில் அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். நாங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் தயவில் காலம் தள்ளினோம். நல்ல மனுஷி, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் நினைத்த நேரத்தில் போக முடியுமா? அவர்கள் வீட்டு விருந்தாளிகள் போன பிறகு, அவர்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் காரியாலயத்தில் பையன் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது, "வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகு திடுக்கிட்டேன். தாகமில்லாமலா வேண்டாம் என்றேன்? மூன்றே நாட்களில் நானும் அத்தையாகி விட்டேன்! அத்தை ஆறு மாதம் இப்படி இருந்திருக்கிறார்.

கடைசி நாள் கோப்பையைப் பொருத்தினார்கள். இங்கேயும் கண் வைத்திருக்க வேண்டும். கோப்பையின் அடியைச் சிமெண்டால் கட்டிவிடுவது பலருக்கு வழக்கம். சிமெண்ட் இறுகும்போது பீங்கான் விரிசல் விடலாம். பின்னால் கழற்ற வேண்டுமானால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திருகாணி போட்டு, பிளாஸ்டிக் வளையம் வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவதே முறை. ஒரே பக்கத்தைப் பலமாக முடுக்கினால் பீங்கான் 'டப்'பென்று விட்டுவிடும். செப்டிக் டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயின் உச்சியில் கொசு வலை கட்டச் சொன்னோம். அந்தக் குழாய் இல்லாவிட்டால் காற்று போக வழியின்றித் தண்ணீர்ப் பூட்டையே அசைத்து விடும். வலை இல்லாவிட்டால் ஊர்க் கொசுவெல்லாம் அங்கேதான் குடித்தனம் செய்யும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறவர்கள் நாங்கள். முன்காலத்துச் சங்கிலித் தொட்டி ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டியது. இப்போது இரட்டைப் பொத்தான் தொட்டி வந்திருக்கிறது. சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர், பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு இருபது தடவை என்று வைத்துக் கொள்வோம். பழைய தொட்டிக்கு 200 லிட்டர் வேண்டும். புதியதில், நாலு தடவை பெரியதும் பதினாறு தடவை சின்னதுமாக 72 லிட்டர் போதும். தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளில் அரை வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினாலும் கோப்பை சுத்தமாகி விடும்.

தொட்டி ஒழுகுகிறதா என்று அறியச் சமையலறைச் சோதனை ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தொட்டித் தண்ணீரில் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடாமல் இருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே ஒழுகுகிறதென்று அர்த்தம். பிளம்பரை அப்போதே பிடித்துக் கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கறை போகவில்லையென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். எழும்புகிற புகை நெஞ்சை அடைக்கும். நாப்கினையும் துணியையும் கோப்பைக்குள் போடாதீர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போய்ப் பத்து இருபது நாள் கழித்து வந்தால் வீட்டில் நாற்றம் அடிக்கிறதா? வாசல் பூட்டு பத்திரமாகத்தான் இருக்கும். தண்ணீர்ப் பூட்டு காய்ந்து திறந்து போயிருக்கும். குளியலறை வடிகாலிலும் கோப்பையிலும் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் விடுங்கள். கிளம்புவதற்கு முன் வடிகாலில் தண்ணீரோடு நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு வைத்தால் சீக்கிரம் காயாது.

சுவரில் கைப்பிடி ஒன்று பொருத்தினோம். ஓட்டில் மட்டும் அல்ல, செங்கல் வரை திருகாணி இறங்க வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக் கொள்ளுமல்லவா?

மிஞ்சியது தாழ்ப்பாள். "அத்தை தாழ்ப்பாள் போடாமல் இருக்கட்டும்" என்றார் என் கணவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுபத்து நாலு வயதானாலும் ஒரு ஸ்திரீக்கு அந்தரங்கம் வேண்டாமா? தாத்தாதான் இதற்கும் வழி கண்டார். இரண்டு நாள் தம் வீட்டுத் திண்ணையில் அரமும் கையுமாக உட்கார்ந்து ஒரு தாழ்ப்பாள் செய்து கொண்டு வந்தார். உள்ளேயிருந்து போட்டுக் கொள்ளலாம். ஆபத்து சமயத்தில் வெளியேயிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்து கொள்ளும். கூலி கொடுக்கப் போனேன். "காப்பி கொடு தாயி, போதும்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை வந்து சேர்ந்தார். புது அறையை வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நானும் அவரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக் கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாயும் சத்தம். பிறகு அத்தை தம் படுக்கைக்குப் போனார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தபோது வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த மண்பானையிலே தண்ணி இருக்கா?"

ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக் கொண்டேயிருந்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொடு" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா? டாக்டர் சொல்லிக் குறைத்துக் கொண்டவர்களை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் குடிக்கவில்லையென்றால், தாகம் எடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். "எடுக்கலை" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேளுங்கள். அவர்களாக ஒருநாளும் சொல்ல மாட்டார்கள்.